சொர்பஜீ: ஊர்ப் பெரியவருக்கு ஏன் 'சூப்காரர்' என்று பெயர்?

#1 நெடுவழி

வணக்கம். இவான் வாசோவின் 'நுகத்தடியின் கீழ்' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். 1880களின் கடைசியில், ஒதெஸ்ஸாவில் இருந்தபோது அவர் எழுதியது. ஓட்டோமான் ஆட்சியில் இருந்த ஒரு சின்ன பல்கேரிய ஊர், 1876 ஏப்ரல் கிளர்ச்சி, அதுதான் கதைக்களம்.

முதல் பக்கத்திலேயே ஒரு பெரிய மனுஷர் வருகிறார். மே மாதச் சாயங்காலம், தலையில் ஒன்றும் இல்லாமல், வீட்டு அங்கியோடு, முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளைகுட்டிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் சொர்பஜீ மார்க்கோ. (முதல் எழுத்தை 'அச்சு' என்பதில் வரும் ச் மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டுமாம்.) 'செல்வந்தர், ஊர்ப் பிரமுகர்' என்று ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள். சரி என்று அகராதியைத் திறந்தால், 'சொர்பா' என்றால் சூப்! அப்படியானால் சொர்பஜீ என்றால் சூப் காய்ச்சுபவரா, விற்பவரா? ஊரே எழுந்து நிற்கிற ஆளை எதற்குச் சூப்காரர் என்று கூப்பிட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கடல்தாண்டி

இஸ்தான்புல்லில் சில வருஷம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். சொல் துருக்கியிலிருந்து பல்கேரியனுக்குப் போனது. சொர்பா என்றால் சூப், 'ஜி' என்றால் அந்த வேலையைச் செய்பவர். இன்றைக்கு இஸ்தான்புல்லில் சொர்பாஜி என்று பலகை தொங்கினால் அது சூப் கடைதான். விடிகாலை நாலு மணிக்கும் கூட்டம் இருக்கும்.

ஆனால் ஓட்டோமான் காலத்தில் அது ராணுவப் பதவி. யெனிச்செரி படை கேள்விப்பட்டிருப்பீர்கள். பால்கன் கிறித்துவக் குடும்பங்களிலிருந்து பையன்களைப் பிடித்துக்கொண்டு போய், மதம் மாற்றி, பழக்கி, சுல்தானின் சொந்தக் காலாட்படையாக வைத்திருந்தார்கள். (பல்கேரியர்கள் இதை 'ரத்த வரி' என்பார்கள்.) அந்தப் படை முழுக்கச் சமையல்கட்டுப் பேச்சுதான். படைக்கே 'ஒஜாக்' என்று பெயர், அதாவது அடுப்பு. அதில் 196 பிரிவுகள், ஒவ்வொன்றும் ஒரு 'ஒர்த்தா'. ஒர்த்தாவின் தலைவர்தான் சொர்பாஜி. சிப்பாய்களின் தொப்பியில் நெற்றிக்கு மேலே கரண்டி செருக ஓர் இடம் இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அண்டா. ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்தமாக ஒரு பெரிய செப்பு அண்டா உண்டு. கொடிக்கு என்ன மரியாதையோ அது அண்டாவுக்கு. போரில் அதைப் பறிகொடுத்தால் பிரிவுக்கே மானம் போச்சு. சம்பள நாளில் அரண்மனை முற்றத்தில் சூப்பும் சோறும் வைப்பார்கள். சிப்பாய்கள் பாய்ந்து சாப்பிட்டால் சுல்தானுக்கு நிம்மதி. சூப்பைத் தொடாமல் நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அண்டாவைக் கவிழ்த்துவிட்டால் கலகம் தொடங்கிவிட்டது. துருக்கியில் இன்றும் 'அண்டாவைத் தூக்கிட்டாங்க' என்றால் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் பொருள். 1826இல் இரண்டாம் மஹ்மூத் பீரங்கி வைத்து இந்தப் படையையே ஒழித்துக்கட்டினார்.

ஆகவே சூப்காரர் என்றதும் தெருவோரக் கடையை நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான ஆயுதம் தாங்கிய ஆட்களுக்குச் சோறு போடும் பொறுப்பில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

#3 வேர்ச்சொல்வேந்தன்

இதில் ஆராய என்ன இருக்கிறது? சோறு + பா = சோர்பா. 'சோறு போடும் பொறுப்பு' என்று நண்பரே சொல்லிவிட்டார். தமிழ்ச் சொல் கடல் கடந்து போயிருக்கிறது. அவ்வளவுதான்.

#4 கொடுமுடி வாசகர்

வேந்தரே, வந்துவிட்டீர்களா! உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன்.

'பா' என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வெண்பாவா, ஆசிரியப்பாவா? சொல்லின் பாதியை மட்டும் பிடித்து இழுத்தால் எந்தச் சொல்லையும் எந்த மொழிக்கும் கொண்டுவந்து விடலாம்.

துருக்கிக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'ஷோர்பா'. ஷோர் என்றால் உப்பு, உவர்ப்பு. உவர்நிலத்துக்கும் அந்தச் சொல்தான். 'பா' என்றால் குழம்பு, கொதிக்கவைத்த உணவு. இந்தப் 'பா' தனியாக நிற்கிற சொல் இல்லையே என்று சந்தேகம் வரும். அதற்குத்தான் அதன் கூடப்பிறந்தவர்களைப் பார்க்க வேண்டும். சிக்பா என்றால் காடி ஊற்றிச் செய்த கறி (சிர்க்கா = காடி). ஸீர்பா என்றால் சீரகம் போட்ட குழம்பு. ஒரே அச்சில் மூன்று சொற்கள் நிற்கும்போது அந்த அச்சை நம்பலாம். அந்த சிக்பா அரபிக்குப் போய் 'சிக்பாஜ்' ஆகி, அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போய் 'எஸ்கபெச்சே' ஆனது. காடியில் ஊறவைத்த மீனுக்கு இன்றும் அங்கே அதுதான் பெயர்.

ஆக ஷோர்பா என்பது உப்புக் குழம்பு. சோறு நம் வீட்டுப் பழைய சொல், அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. காதில் ஒரே மாதிரி விழுகிறது, அவ்வளவே.

#5 மஞ்சள்_குடை

ஆனால் அரபியில் 'ஷரிபா' என்றால் குடித்தான். அதிலிருந்துதான் ஷர்பத், நம்ம நன்னாரி சர்பத் உட்பட. சூப்பும் குடிக்கிற சமாச்சாரம்தானே? ஷுர்பா என்று அரபு நாடுகளில் சூப்புக்குச் சொல்கிறார்கள். வளைகுடாவில் ரம்ஜான் மாசம் அது இல்லாமல் நோன்பு திறப்பே கிடையாது. பாரசீகத்துக்கு எதற்குப் போகணும்?

#6 கொடுமுடி வாசகர்

நல்ல கேள்வி, இதை வைத்துப் பலரும் சண்டை போட்டிருக்கிறார்கள். சர்பத் அரபு வேர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரபியின் ஷுர்பாவைப் பாரசீகச் சொல் அங்கே போய், 'குடி' என்ற வேரின் சாயலில் ஒட்டிக்கொண்டதாகப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம், பாரசீகத்தில் 'ஷோர்வா' என்று இன்னொரு வடிவமும் இருக்கிறது. உஸ்பெக்குகளிடமும் அந்த 'வா'தான். அரபு வேரில் 'ப' அசையாமல் நிற்க வேண்டும், வ ஆகாது. பாரசீகத்தில்தான் அந்தப் பா/வா மாற்றம் சகஜம்.

#7 சேர்வாப்பிரியன்

ஒரு நிமிஷம். ஷோர்வா என்றா சொன்னீர்கள்?

வேலூர்ப் பக்கம் பரோட்டாவுக்கு ஊற்றுகிறார்களே சேர்வா, அது இதுதானா? நான் இத்தனை நாளும் 'சேர்' என்பதிலிருந்து வந்தது, எல்லாம் சேர்த்துச் செய்வதால் சேர்வா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துச் சேர்வை மாதிரி.

#8 கொடுமுடி வாசகர்

அதேதான் தம்பி. தக்காணத்து உருதுவில் 'ஷேர்வா' என்பார்கள். அங்கிருந்துதான் நமக்கு. 'சேர்' என்ற வினை பக்கத்திலேயே இருந்ததால் சொல் சுகமாக உட்கார்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருக்கும் சால்னாவும் உருது 'சாலன்'தான்.

ஒரே பாரசீகச் சூப் மேற்கே போய் பல்கேரியாவில் சொர்பா, ருமேனியாவில் சொர்பெ, செர்பியாவில் சொர்பா. வடக்கே மத்திய ஆசியாவில் ஷுர்வா, ஷுர்பா, கஜக்கில் சோர்ப்பா. தெற்கே ஆம்பூரில் சேர்வா.

#9 சேர்வாப்பிரியன்

அப்போ எங்க ஊர் பரோட்டாக் கடை முதலாளி ஒரு சொர்பஜீ. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். ஒரு கரண்டி கூட ஊற்றுவாரா பார்க்கணும்.

#10 ப்ளோவ்திவ்_பையன்

பல்கேரியாவில், ப்ளோவ்திவ் நகரத்தில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

சொர்பா என்றால் கெட்டியான, நாட்டுப்புறச் சூப். 'சூப்பா' என்று ஐரோப்பியச் சொல்லும் உண்டு. உணவுப் பட்டியலில் இரண்டும் கலந்து கிடக்கும். ஆனால் சிலவற்றுக்குச் சொர்பாதான் பெயர், மாற்ற முடியாது. பொப் சொர்பா என்றால் வெள்ளை பீன்ஸ் சூப், மடத்துப் பக்குவம் என்று சொல்லி மண்பானையில் தருவார்கள், புதினா வாசனை தூக்கும். அப்புறம் ஷ்கெம்பே சொர்பா, மாட்டுக் குடல் சூப். முதல் நாள் ராத்திரி குடித்துவிட்டுத் தலைவலியோடு எழுந்தவர்களுக்கு அதுதான் மருந்து. மேசையில் ஒரு புட்டியில் பூண்டு நசுக்கிப்போட்ட காடி, ஒரு கிண்ணத்தில் இடித்த மிளகாய். வெள்ளையாக வரும் சூப்பில் அவரவர் இஷ்டத்துக்கு இரண்டையும் ஊற்றிச் சிவப்பாக்கிக்கொள்வார்கள். நம்ம ஊர்க்காரனுக்கு இந்த நாட்டில் முதலில் பிடிக்கிற சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும். மிளகாயாவது கண்ணில் படுகிறதே!

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்குப் பெயர் 'ஷ்கெம்பெஜீய்னித்சா'. சூப் காய்ச்சும் ஆளை இங்கே யாரும் சொர்பஜியா என்று சொல்வதில்லை. அந்தச் சொல் சூப்பை விட்டு எப்போதோ விலகிவிட்டது. இன்றைக்கு 'இங்கே யார் சொர்பஜியா?' என்று கேட்டால் 'இங்கே யார் முதலாளி, யார் சொல்வது நடக்கும்?' என்று பொருள். கொஞ்சம் நக்கலும் இருக்கும். முதலாளியை மரியாதையாகக் குறிப்பிட இதைப் பயன்படுத்த மாட்டார்கள்.

#11 நெடுவழி

அருமை. ஆனால் என் முதல் கேள்வி பாதியில் நிற்கிறது. யெனிச்செரி அதிகாரி முஸ்லிம், சுல்தானின் ஆள். நாவலில் வரும் மார்க்கோ கிறித்துவர், துருப்பு கிருப்பு எதுவும் கிடையாது, வியாபாரம், வீடு, பிள்ளைகள். படைத்தலைவர் பட்டம் இவருக்கு எப்படி வந்தது?

#12 மஞ்சள்_குடை

நான் படித்த விளக்கம்: ஊருக்கு வரும் துருக்கி அதிகாரிகளையும் வரி வசூலிப்பவர்களையும் தங்கவைத்துச் சாப்பாடு போடுவது ஊரிலேயே வசதியான வீட்டின் பொறுப்பு. வந்தவர்களுக்குச் சூப் ஊற்றியதால் சொர்பஜீ. ராணுவத்துக்குப் போக வேண்டியதே இல்லை. நேராகவே பொருள் கிடைக்கிறதே.

#13 கடல்தாண்டி

மஞ்சள்_குடை எழுதியது:
> நேராகவே பொருள் கிடைக்கிறதே.

நேராகக் கிடைப்பதுதான் எனக்கு இடிக்கிறது. விருந்தோம்பும் பொறுப்பு உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையிலிருந்து பிறந்த பட்டம் என்றால், பால்கனில் எந்த மொழியிலும் உள்ளூர்ச் சொல்லாக அது பிறந்திருக்கலாமே? அப்படி இல்லை. துருக்கிச் சொல் அச்சு அசலாக வந்திருக்கிறது. அதுவும் அந்தச் சொல் ஏற்கனவே நூற்றாண்டுகளாகப் பதவிப் பெயராக இருந்த ஒரு சாம்ராஜ்யத்தில். ஓட்டோமான் துருக்கியிலேயே அது மெல்ல மெல்லப் படையை விட்டு வெளியே வந்து, வசதியான கிறித்துவ வியாபாரியை, ஊர்த்தலைவரைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லாகிவிட்டது. மாலுமிகள் கப்பல் தலைவரையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கப்பல் தலைவர் எந்த வரி வசூலிப்பவருக்குச் சூப் ஊற்றினார்?

பதவி முதலில், விருந்துக் கதை பிறகு என்பதுதான் என் கட்சி. ஒரு பட்டம் அதன் பழைய இடத்தை இழந்த பிறகு, ஜனங்கள் கண்ணெதிரே பார்க்கிற வாழ்க்கையிலிருந்து அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

#14 மஞ்சள்_குடை

கப்பல் விஷயம் நல்ல அடி. இருந்தாலும் ஒன்று. அந்தப் பட்டம் ஏன் வேறு யாருக்கும் போகாமல் இந்த ஆட்களிடம் போய் ஒட்டியது? சோறு போடும் வீடு என்ற எண்ணம் அங்கே இருந்ததால்தானே? வழி வேறாக இருந்தாலும் பொருத்தம் தற்செயல் இல்லை என்பேன்.

#15 கொடுமுடி வாசகர்

இருவரும் ஒரே வண்டியை இரண்டு பக்கம் தள்ளுகிறீர்கள், வண்டி எப்படியோ முன்னால்தான் போகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரின் அதிகாரபூர்வத் தலைவருக்குக் 'கொஜாபாஷி' என்று தனிப் பெயர் இருந்தது. சொர்பஜீ என்பது அதைவிடத் தளர்வான, சமூக அந்தஸ்தைச் சொல்கிற பெயர். ஊருக்கு மொத்தமாக விதிக்கப்பட்ட வரியை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது, வசூலிப்பது, அரசாங்கத்திடம் ஊருக்காகப் பேசுவது, இவை அவர்கள் கையில். 1839க்குப் பிறகு ஓட்டோமான் அரசு தன்சிமாத் என்ற நிர்வாகச் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்ததும் உள்ளூர் ஆலோசனைச் சபைகளிலும் இவர்கள்தான் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் காசு கொடுத்தவர்களும் இவர்களில் இருந்தார்கள். வரியைப் பிரிக்கும்போது தன் பங்கை அடுத்தவன் தலையில் கட்டியவர்களும் இருந்தார்கள்.

#16 ப்ளோவ்திவ்_பையன்

அந்த இரண்டாவது வகைக்கு பல்கேரியனில் ஒரு ஜோடிச் சொல் உண்டு ஐயா: 'சொர்பஜீ இஸெத்னிக்'. இஸெத்னிக் என்றால் ஆளை விழுங்குபவர், தின்றே தீர்ப்பவர். உறிஞ்சி எடுப்பவன் என்று நாம் சொல்வோமே, அது. ஹ்ரிஸ்தோ போதெவ் மாதிரி புரட்சிக்காரர்கள் துருக்கி சுல்தானுக்குச் சமமாக இந்தச் சொர்பஜிகளையும் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். போதெவ் 1876இல் 28 வயதில் சண்டையில் செத்துப்போனவர், இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற கவிஞர். 1944க்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் அவர் வசவு பாடப்புத்தக வசவானது. 'சொர்பஜீ வீட்டுப் பிள்ளை' என்று முத்திரை விழுந்தால் அந்தக் காலத்தில் நல்லதில்லை. எனக்குப் பாடம் எடுத்த பல்கேரிய மொழி ஆசிரியை இன்றும் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது உதட்டைச் சுழிப்பார்.

பெயர் பார்த்தால் ஊட்டுபவர், அடைமொழி பார்த்தால் விழுங்குபவர். இந்த ஜோடியைக் கட்டியவன் யாரோ, பலே ஆள்.

#17 நெடுவழி

அட! நாவலிலும் இரண்டும் இருக்கின்றன. மார்க்கோ நல்லவர். கொஞ்சம் பயந்த சுபாவம், ஆனால் தியார்பக்கிர் சிறையிலிருந்து தப்பி வந்தவன் ராத்திரியில் சுவரேறிக் குதிக்கும்போது கைவிடவில்லை. சொர்பஜீ யோர்தான் என்று இன்னொருவர் வருகிறார். அவரை இதுவரை கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன், இப்போதே பிடிக்கவில்லை.

#18 மனுநகல்

நீதிமன்ற ஊழியன். இலக்கியம் தெரியாது, ஆனால் இந்த 'ஜி' எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறதே. எங்கள் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் 'மசால்ஜி' என்று ஒரு பணியிடம் உண்டு. அலுவலக உதவியாளர், இரவுக்காவலர், மசால்ஜி என்று வரிசையாக வரும். விண்ணப்பிக்கிற பாதிப் பேர் அது மசாலா அரைக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். அந்த ஜியும் இந்த ஜியும் ஒன்றா?

#19 கடல்தாண்டி

ஒன்றேதான் சார்! மஷால் என்றால் தீவட்டி, அரபுச் சொல். 'ச்சி' துருக்கியது. தீவட்டி பிடிப்பவர். பாரசீகம், உருது வழியாக உங்கள் அலுவலகம் வரை வந்துவிட்டது. பல்கேரியனில் அதே விகுதி 'ஜியா', சில இடத்தில் 'ச்சியா'.

#20 ப்ளோவ்திவ்_பையன்

இங்கே அந்த விகுதிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. துருக்கிச் சொல்லோடுதான் வரும் என்றில்லை. 'லோவ்' என்பது ஸ்லாவ் சொல், வேட்டை, வேட்டைக்காரர் 'லோவ்ஜியா'. டாக்ஸி ஓட்டுபவர் 'தக்ஸிஜியா'. 'குபோன்' என்றால் பேச்சுவழக்கில் பார்ட்டி. எந்நேரமும் பார்ட்டி என்று அலைகிற என் அறைத்தோழன் 'குபோன்ஜியா'.

குடும்பப் பெயர்களில் இன்னும் அதிகம். பொயாஜியேவ் என்றால் சாயக்காரர் வீட்டுக்காரர். ஸ்லாத்யு பொயாஜியேவ் என்று பெரிய ஓவியர் இந்த ஊரில் இருந்தார். 1951இல் பக்கவாதம் வந்து வலது கை போன பிறகு இடது கையால் வரைந்தவர். பழைய நகரத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே ஒரு வீடு இருக்கிறது. சாயக்காரர் பெயர், வண்ணம் தீட்டும் வேலை! கலாய்ஜியேவ் என்றும் நிறையப் பேர். கலாய் என்றால் இங்கே தகரம், ஈயம் பூசுவது.

#21 சேர்வாப்பிரியன்

கலாயா! பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது என்று எங்கள் பாட்டி சொல்வார். தெருவில் ஒருத்தர் துருத்தி வைத்து ஊதி, நவச்சாரம் போட்டு, பஞ்சால் தேய்ப்பார். பாத்திரத்துக்குள் சட்டென்று வெள்ளி மாதிரி பளபளவென்று ஓடும்.

#22 கொடுமுடி வாசகர்

அதே கலாய்தான். அரபியில் 'கலயி' என்றால் தகரம். மலாய்க் கரையில் அரபு வணிகர்கள் குறிப்பிட்ட 'கலா' துறைமுகத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தக் கலா நம் கடாரம்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

#23 வேர்ச்சொல்வேந்தன்

பார்த்தீர்களா! கடாரம்! ராஜேந்திர சோழன்! நான் அப்போதே சொன்னேன்.

#24 மட்டுறுத்துநர்

கடாரத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளவும். இங்கே சூப் ஆறுகிறது.

#25 நெடுவழி

கடைசியாக ஒரு விஷயம். முதல் அத்தியாயத்தைத் தமிழில் செய்துபார்க்கலாம் என்று ஆசை. சொர்பஜீ மார்க்கோவுக்கு என்ன போடுவது? மிராசுதார் மார்க்கோ? பண்ணையார்? மணியக்காரர்? நாட்டாமை?

#26 மஞ்சள்_குடை

பண்ணையார் என்றதும் நிலமும் குத்தகையும் சாட்டையும் வந்துவிடும். மார்க்கோவிடம் அது இல்லை. மணியக்காரர் அரசாங்க வேலை. நாட்டாமை என்றால் எல்லாரும் சினிமாவுக்குப் போய்விடுவார்கள்.

#27 கொடுமுடி வாசகர்

சொர்பஜீ என்றே விடுங்கள். வாசகர் இரண்டு பக்கத்தில் பழகிவிடுவார். மிராசுதார் என்று மாற்றினால் அந்த ஆளைத் தஞ்சாவூருக்குக் குடியேற்ற வேண்டியிருக்கும். யோர்தான் வரும்போது நிலைமை இன்னும் மோசமாகும். ஒரே பட்டம் இருவருக்கும் இருப்பதால்தான் இவர் ஒரு மாதிரி, அவர் ஒரு மாதிரி என்று நமக்கு உறைக்கிறது. ஒருவரைப் பெரியவர் என்றும் மற்றவரை முதலாளி என்றும் பிரித்துவிட்டால் அது போச்சு.

#28 ப்ளோவ்திவ்_பையன்

நானும் ஐயா கட்சி. ஒரே ஒரு நுணுக்கம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. பெயருக்கு முன்னால் வந்தால் 'சொர்பஜீ மார்க்கோ'. தனியாக நின்றால் 'சொர்பஜியா'. அவர் மனைவி 'சொர்பஜீய்கா'. இவற்றைக் கலக்காமல் விட்டால் போதும், பல்கேரியர் யாராவது காதில் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

#29 நெடுவழி

குறித்துக்கொண்டேன் தம்பி. சொர்பஜீ மார்க்கோ என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ஒரு வரிக் குறிப்போடு. அத்தியாயம் முடிந்ததும் மொழிபெயர்ப்புப் பகுதியில் ஏற்றுகிறேன். அவர் முற்றத்துச் சாப்பாட்டு மேசையில் இன்னும் சில பதார்த்தப் பெயர்கள் மிச்சம் இருக்கின்றன, அதற்கு உங்களிடம்தான் வருவேன்.